தொட்டாற்சிணுங்கிகள் என்று சொல்லும் முன்: விளையாட்டு வானொலித் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க விளையாட்டு வானொலி நிலையங்களில் காலை, மாலை நிகழ்ச்சிகளை நடத்தும் மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் பீனிக்ஸ் நகருக்குத் தென்கிழக்கே உள்ள சாண்ட்லரில் 16 ஆண்டுகளாகக் குடியிருப்பவன். காலையில் வேலைக்குப் போகும்போதும் மாலையில் வீடு திரும்பும்போதும் காரில் உங்கள் குரல்தான் எனக்குத் துணை. கிரிக்கெட் மட்டுமே தெரிந்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்த எனக்குப் பேஸ்பாலைக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள். இடது கை ஆட்டக்காரர் மட்டையோடு வந்து நின்றால் பந்தெறிய இடது கை பிட்சரை ஏன் தேடுகிறார்கள், எட்டாவது இன்னிங்ஸில் ஆட்டம் எப்படித் திசை மாறுகிறது, பந்தைப் பிடிக்கும் கேட்சர் கையுறையை வைக்கும் இடத்திலிருந்து அடுத்த பந்தை எப்படி ஊகிப்பது என்பதையெல்லாம் நெடுஞ்சாலை நெரிசலில் நின்றபடியே உங்களிடம் கற்றேன். அந்த நன்றியை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும்.

இதன் ஆங்கில வடிவத்தை உங்கள் நிலையங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், பிள்ளைகளை லிட்டில் லீக் எனப்படும் சிறுவர் பேஸ்பால் ஆட்டங்களுக்கு அழைத்துச் செல்லும் தமிழ்ப் பெற்றோர் இன்று அரிசோனாவிலும் டெக்சஸிலும் நியூ ஜெர்சியிலும் பலர் இருக்கிறார்கள் என்பதுதான். அவர்கள் காரிலும் உங்கள் நிகழ்ச்சி ஒலிக்கிறது. பின் இருக்கையில் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்களிடம் நான் சொல்வதை அவர்களும் படிக்க வேண்டும்.

நான் பேச வந்தது பிப்ரவரி மாதத்தைப் பற்றி. சூப்பர் பவுலோடு அமெரிக்கக் கால்பந்துப் பருவம் முடிந்துவிடுகிறது. மாத நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் ஸ்பிரிங் டிரெயினிங் எனப்படும் பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாம்களுக்கு வருகிறார்கள். சில நாள் கழித்து மற்றவர்கள் வருகிறார்கள். 15 அணிகள் ஃபுளோரிடாவுக்கும், மீதி 15 அணிகள் எங்கள் பீனிக்ஸ் வட்டாரத்தின் 10 மைதானங்களுக்கும் வந்து இறங்குகின்றன. மார்ச் இறுதியில் 162 ஆட்டங்கள் கொண்ட பருவம் தொடங்கும்வரை ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு, வெற்றி தோல்வி கணக்கில் சேராத ஆட்டங்கள் மட்டுமே நடக்கின்றன. பேசுவதற்குப் பெரிதாக எதுவும் நடக்காத இந்த வாரங்களிலும் நாள்தோறும் பல மணி நேரத்தை நிரப்ப வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருக்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் ஆண்டுதோறும் ஒரே பேச்சு முளைக்கிறது. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் இரும்பு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் தொட்டாற்சிணுங்கிகள் என்பதே அந்தப் பேச்சு. தோள் இறுக்கமாக இருக்கிறது என்று ஒருவர் ஒரு நாள் பந்தெறியாமல் இருந்தால் அவர் சாஃப்ட், அதாவது மென்மையானவர், பலவீனர். மனநல ஆலோசகரைப் பற்றி ஒருவர் வெளிப்படையாகப் பேசினால் அவரும் சாஃப்ட். நீங்கள் ஒரு வரி சொல்ல, நேயர் ஒருவர் தொலைபேசியில் வந்து இன்னொரு வரி சேர்க்க, அரங்கில் எல்லோரும் சிரிக்க, அடுத்த இடைவேளை வந்துவிடுகிறது.

இந்தச் சிரிப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். என் மகனுக்கு அப்போது 13 வயது. வட்டாரச் சிறுவர் அணி ஒன்றில் பிட்சராக இருந்தான். ஒரு வசந்தகாலத்தில் மூன்று வாரம் முழங்கை வலியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். சாப்பிடும்போது கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டதைக் கவனித்தவள் அவன் அம்மா. மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வளரும் எலும்பின் முனை புண்பட்டிருக்கிறது என்றும், மூன்று மாதம் பந்தைத் தொடக் கூடாது என்றும் சொன்னார். திரும்பி வரும் வழியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வலிக்கிறது என்று சொல்கிற பிட்சரைப் பற்றி வானொலியில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா அப்பா என்று அவன் திருப்பிக் கேட்டான். ஒரு நிலையத்தின் மீதோ ஒரு குரலின் மீதோ இந்தப் பழியை நான் போட வரவில்லை. வானொலியை வைத்தவன் நான். அந்தப் பேச்சுக்கு அவன் கண் முன்னே தலையாட்டியவனும் நான். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பேச்சு உண்மைதானா என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததன் விளைவுதான் இந்த மடல்.

முதலில், முகாம் எதற்காகத் தோன்றியது என்பதைப் பாருங்கள். 1886-ஆம் ஆண்டில் கேப் ஆன்சன் தம் சிகாகோ அணியை ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு அழைத்துச் சென்றது, குளிர்காலத்தில் ஏறிய கொழுப்பை வெந்நீர் ஊற்றுகளிலும் மலைப்பாதை நடையிலும் கரைப்பதற்காகத்தான். அடுத்த பல பத்தாண்டுகளுக்கும் முகாமின் வேலை அதுவாகவே இருந்தது. ஏனென்றால் பருவம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வேறு பிழைப்பைத் தேடிப் போனார்கள். யோகி பெராவும் ஃபில் ரிசூட்டோவும் யாங்கீஸ் அணியின் நட்சத்திரங்களாக இருந்தபோதே நியூவர்க்கில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்தார்கள். பிட்ஸ்பர்க் அணியின் ரிச்சி ஹெப்னர் குளிர்காலத்தில் கல்லறைக் குழி வெட்டினார். 1967-இல் பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகின் ஆட்டக்காரரது குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டாலர். மார்வின் மில்லர் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் முதல் ஒப்பந்தத்தைப் போட்ட பிறகு, 1968-இல் அது 10,000 டாலர் ஆனது. குழி வெட்டிவிட்டும் கோட்டு சூட்டு விற்றுவிட்டும் வருகிறவருக்கு உடம்பை ஆட்டத்துக்குப் பழக்க ஆறு வாரம் தேவைப்பட்டது.

இன்று முகாமுக்கு வருகிறவர் நவம்பரிலிருந்தே பயிற்சிக்கூடத்தில் இருந்தவர். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 7,60,000 டாலர் என்பதால் அவருக்கு வேறு வேலை தேவைப்படவில்லை; அந்தக் குளிர்காலம் முழுவதையும் அவர் இந்த வேலைக்கே கொடுக்கிறார். முகாமின் முதல் நாளிலேயே முழு வேகத்தில் பந்தெறியக் கூடிய நிலையில் வந்து நிற்கிறார். அந்தக் காலத்தில் உழைக்க வந்தார்கள், இந்தக் காலத்தில் ஓய்வெடுக்க வருகிறார்கள் என்று நீங்கள் சொல்வது, நடப்பதற்கு நேர் எதிரானது.

அந்த ஓய்வில்லாத உழைப்புதான் கைகளை முறிக்கிறது. மேஜர் லீக் நிர்வாகமே 200-க்கும் மேற்பட்டோரிடம் பேசி, 2024 டிசம்பரில் பிட்சர்களின் காயங்களைப் பற்றி ஓர் அறிக்கையை வெளியிட்டது. ஃபாஸ்ட்பால் எனப்படும் நேர்ப்பந்தின் சராசரி வேகம் 2008-இல் மணிக்கு 91.3 மைலாக இருந்தது, 2024-இல் 94.2 மைலாகிவிட்டது. வேகத்தைத் துரத்துவதும், பந்தைத் திருப்பும் ஒவ்வொரு புதிய உத்தியைத் துரத்துவதும், ஒவ்வொரு பந்தையும் முழு மூச்சோடு எறிவதும்தான் காயங்கள் பெருகியதற்கு முக்கியக் காரணங்கள் என்று அந்த அறிக்கை சொல்கிறது. முன்பு கைக்கு ஓய்வாக இருந்த குளிர்கால மாதங்கள் இன்று வேகத்தைக் கூட்டும் மாதங்களாகிவிட்டன என்றும், காயங்கள் முகாம் வாரங்களில் குவிகின்றன என்றும் அது எடுத்துக்காட்டுகிறது. இதே போக்கு பள்ளிப் பிள்ளைகள்வரை இறங்கிவிட்டது என்ற பகுதியைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. ஆறு வார வானொலி நேரத்துக்குப் போதுமான செய்தி அந்த ஒரே அறிக்கையில் இருக்கிறது. வேகத்துக்குச் சம்பளம் கொடுக்கிற அணிகள், வேகத்தை விற்கிற பயிற்சிக்கூடங்கள், வேகத்தைப் பார்த்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிற கல்லூரிகள் என்று கேள்வி கேட்க வேண்டிய இடங்கள் எத்தனையோ இருக்கும்போது, முழங்கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கிற 23 வயதுப் பிள்ளையைப் பார்த்தா நாம் சிரிக்க வேண்டும்?

அந்தக் காலம் என்று நீங்கள் சொல்லும்போது பெரும்பாலும் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் சாண்டி கோஃபாக்ஸின் பெயரைச் சொல்கிறீர்கள். நானும் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1966-இல் அவர் 323 இன்னிங்ஸ் எறிந்தார். தொடங்கிய ஆட்டங்களில் 27-ஐத் தாமே முடித்தார். 27 வெற்றிகள் பெற்றார். அதெல்லாம் சரி. முழங்கை மூட்டழற்சிக்கு ஊசி மேல் ஊசியாகப் போட்டுக்கொண்டுதான் அதைச் செய்தார் என்பதையும், அந்த நவம்பரிலேயே, 31 வயதுகூட ஆகாத நிலையில், கை நிரந்தரமாகச் செயலிழந்துவிடும் என்று அஞ்சி ஆட்டத்தை விட்டே போனார் என்பதையும் ஏன் அதே மூச்சில் சொல்வதில்லை? அவருக்கு ஓய்வு கொடுத்திருந்தால் இன்னும் ஐந்து ஆண்டுகள் அவரைப் பார்த்திருக்கலாமோ என்ற ஏக்கம், அவர் எறிந்த ஒரு பந்தைக்கூட நேரில் பார்த்திராத எனக்கே இருக்கிறது. கோஃபாக்ஸ் போன பிறகு டாட்ஜர்ஸ் அணிக்கு வந்த பிட்சர் டாமி ஜான் அந்த வகையில் அதிர்ஷ்டசாலி. 1974-இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அவருடைய முழங்கை லிகமெண்டை, அதாவது எலும்புகளை இணைக்கும் நாரை, மாற்றிக் கட்டினார். 1975 முழுவதும் ஆடாமல் இருந்துவிட்டு வந்த அவர் 1989 வரை ஆடி, அறுவைக்குப் பிறகு மட்டும் 164 ஆட்டங்களை வென்றார். காத்திருக்கத் தெரிந்ததால் கிடைத்த வெற்றிகள் அவை.

கோஃபாக்ஸைப் பற்றி இன்னொன்றும் உண்டு. அதே 1966-இன் முகாமுக்கு அவரும் அதே அணியின் பிட்சர் டான் டிரைஸ்டேலும் போகவே இல்லை. இருவரும் சேர்ந்து நின்று சம்பள உயர்வு கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தார்கள். அணி நிர்வாகம் சொன்ன தொகைக்குக் கையெழுத்துப் போடுவது அல்லது ஆட்டத்தையே விடுவது என்ற இரண்டே வழிகள் இருந்த காலம் அது. 1969 டிசம்பரில் கர்ட் ஃபிளட் என்ற ஆட்டக்காரர் தம்மைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றியதை ஏற்க மறுத்து, விருப்பத்துக்கு மாறாக வாங்கி விற்கப்படும் சொத்து நான் இல்லை என்று மேஜர் லீக் ஆணையருக்குக் கடிதம் எழுதினார்; 1970 பருவம் முழுவதையும் இழந்தார்; 1972-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். 1946-இன் முகாமில் ஜாக்கி ராபின்சன், கறுப்பர் என்பதற்காக ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டு ஊரை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் வாய் மூடி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்கள் என்பது உங்கள் பேச்சின் அடித்தளம். உங்கள் அரங்கச் சுவர்களில் படமாகத் தொங்குகிறவர்களில் பலர் பொறுத்துக்கொள்ள மறுத்தவர்கள்தான்.

என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள சர்ப்ரைஸ் நகரில் கேன்சஸ் சிட்டி அணி முகாமிடுகிறது. 2006-இன் முகாம் தொடங்கிய சில நாளிலேயே 22 வயதான சாக் கிரெய்ங்கி அங்கிருந்து கிளம்பிப் போனார். மன அழுத்தமும், மனிதர்கள் நடுவே இருக்க முடியாத பதற்றமும் அவரை வாட்டின. அந்த அணி அவரைப் போகவிட்டது. சிகிச்சை எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்தது. 2009-இல் அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை அவர் பெற்றார்; 2023 வரை ஆடினார். அன்று முகாமை விட்டுப் போனது பலவீனம் என்று யாராவது தீர்ப்புச் சொல்லி, அந்தத் தீர்ப்புக்கு அணியும் தலையாட்டியிருந்தால், அந்த 17 ஆண்டுகள் நமக்குக் கிடைத்திருக்காது.

2014-இல் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நியூயார்க் மெட்ஸ் அணியின் டேனியல் மர்ஃபி, மனைவிக்குப் பிரசவம் என்பதால், விதிகள் அனுமதித்த மூன்று நாள் விடுப்பில் போய், பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களைத் தவறவிட்டார். அதற்காக நியூயார்க் வானொலியில் அவரைக் கடிந்து பேசினார்கள்; பருவம் தொடங்கும் முன்பே அறுவை செய்து பிள்ளையை எடுத்திருக்கலாமே என்றுகூட ஒரு தொகுப்பாளர் சொன்னார். பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார், அதையும் மதிக்கிறேன். வானொலியில் சொன்ன ஒரு சொல்லைத் திரும்பப் பெறலாம் என்பதை அவர் காட்டினார். உங்களில் இன்னும் பலர் அதைச் செய்யலாம்.

ஆட்டக்காரர் செய்வதெல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. 2016 மார்ச்சில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் முகாமில், 14 வயது மகன் உடைமாற்றும் அறைக்கு வருவதைக் குறைத்துக்கொள்ளும்படி நிர்வாகம் சொன்னதற்காக ஆடம் லரோச் 1.3 கோடி டாலரை விட்டுவிட்டு ஆட்டத்தையே துறந்தார். அவருடைய தந்தைப் பாசத்தை வணங்குகிறேன். ஆனால் அது 25 பேர் வேலை செய்யும் இடம், நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். 2020 பிப்ரவரியில் ஹூஸ்டன் அணியினர், எதிரணி கேட்சரின் சைகைகளைக் கேமரா வழியாகத் திருடியதற்காக வெஸ்ட் பாம் பீச் முகாமில் ஒப்புக்கு மன்னிப்புக் கேட்டபோது, நீங்கள் அவர்களை விடாமல் கேள்வி கேட்டீர்கள். எந்த ஆட்டக்காரரும் தடை பெறாத அந்த விவகாரத்தில் வானொலி பொதுமக்களுக்காகப் பேசியது. அந்த வாரங்களில் உங்களைக் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. செய்த தவற்றைக் கேளுங்கள். வலியையும் நோயையும் குடும்பத்தையும் தவறாக்காதீர்கள். யாங்கீஸ் அணி 2025 பிப்ரவரியில், அரை நூற்றாண்டாக இருந்துவந்த தாடித் தடையை நீக்கியதற்கு அத்தனை மணி நேரம் புலம்பியதையும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. தாடி வைத்தவர் பந்தை மெதுவாக எறிவதில்லை.

நீங்கள் தொடாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. முகாமில் பெரிய மைதானத்துக்குப் பின்னால், பெயர்கூட அச்சிடாத சட்டைகளில் மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீக் அணிகளின் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் காலை ஏழு மணியிலிருந்து பயிற்சி செய்கிறார்கள். மிக அண்மைக்காலம்வரை இந்த முகாம் வாரங்களுக்கு அவர்களுக்குச் சம்பளமே கிடையாது. 2014-இல் முன்னாள் ஆட்டக்காரர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். 2018-இல் நாடாளுமன்றமோ, செலவு மசோதாவுக்குள் ஒரு பிரிவைச் செருகி, அவர்களுடைய ஊதியப் பாதுகாப்பைக் குறைத்தது. 2022 மார்ச்சில்தான், முகாமில் செய்வதும் வேலையே, அதற்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று கூட்டாட்சி நீதிபதி ஒருவர் சொன்னார். அதே ஆண்டில் 18.5 கோடி டாலருக்கு வழக்கு முடிவுக்கு வந்தது. அந்தச் செப்டம்பரில் மைனர் லீகினர் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-இல் கையெழுத்தான முதல் ஒப்பந்தத்தில் மைனர் லீகின் மேல்படியான டிரிபிள் ஏ நிலையில் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆகவும், மிகக் கீழ்ப்படியில் 4,800 டாலரிலிருந்து 19,800 ஆகவும் உயர்ந்தது. 4,800 டாலரை வைத்துக்கொண்டு ஓர் ஆண்டை ஓட்டிய 19 வயதுப் பிள்ளைகள் உங்கள் நிலையத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருந்தார்கள். டொமினிகன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் மொழி தெரியாமல் வந்து நின்றவர்கள் அவர்களில் பலர். ஆட்டக்காரர்களின் பண்பாடு மாறிவிட்டது என்று நீங்கள் குறைப்படுகிற அதே ஆண்டுகளில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இது. அதைப் பற்றி ஒரு முழு மணி நேரப் பேச்சை நான் எந்த நிலையத்திலும் கேட்டதில்லை.

இப்போது என் வேண்டுகோளைச் சொல்கிறேன். வரும் பிப்ரவரியில் யாராவது வலி என்று சொன்னால், அந்தச் செய்தியைப் படித்த பிறகு சாஃப்ட் என்ற சொல்லுக்குப் பதிலாக ஒரு மருத்துவரையோ, அதே காயத்தைக் கடந்து வந்த ஒரு முன்னாள் பிட்சரையோ பேச அழையுங்கள். சிறுவர்களுக்கான பந்து எண்ணிக்கை வரம்புகளை மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பால் என்ற தேசிய அமைப்பும் சேர்ந்து வெளியிட்டிருக்கின்றன. 13, 14 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியக் கூடாது, 66-ஐ எட்டினால் நான்கு நாள் ஓய்வு வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வாரத்துக்கு ஒரு முறையாவது இதை வானொலியில் படியுங்கள். பந்தயச் செயலி விளம்பரங்களை நாள் முழுவதும் படிக்க நேரம் கிடைக்கும்போது இதற்கு அரை நிமிடம் கிடைக்காமல் போகாது. 2025 மே மாதத்தில் ஹூஸ்டன் அணியின் பிட்சர் லான்ஸ் மெக்கல்லர்ஸின் குழந்தைகளைக் கொன்றுவிடுவதாக மிரட்டியவர், பந்தயத்தில் பணத்தைத் தோற்ற ஒருவர் என்று ஹூஸ்டன் காவல்துறை கண்டுபிடித்தது. ஆட்டக்காரரை மனிதராகப் பார்க்கப் பழக்காத பேச்சு அவ்வளவு தூரம்வரை போகும்.

கடைசியாக ஓர் அழைப்பு. வரும் முகாமில் ஒரே ஒரு நாள், அரங்கத்தை விட்டு வந்து, பின் மைதானங்களின் வேலியோரம் உங்கள் ஒலிவாங்கியை வையுங்கள். அங்கே நுழைவுச் சீட்டு வேண்டாம். காலையில் பந்து கையுறையில் விழும் சத்தம் தவிர வேறெதுவும் கேட்காது. அந்தப் பிள்ளைகளிடம் எத்தனை மணிக்கு எழுந்தாய், குளிர்காலத்தில் என்ன செய்தாய், வலித்தால் யாரிடம் சொல்வாய் என்று கேளுங்கள். என் மகனுக்கு இப்போது முழங்கை நன்றாகிவிட்டது. மீண்டும் எறிகிறான், எண்ணிக்கையைத் தானே குறித்துவைக்கிறான். நீங்கள் வரும் நாளைச் சொன்னால், அவனையும் அழைத்துக்கொண்டு நான் அங்கே வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நேயர்,
சாண்ட்லர், அரிசோனா